மாஸ்ரரின் கண்ணைப் பார்த்த கார்

ஸ்காபரோவில் கார் ஓட்டும் தமிழ்ப் பெண்களில் ஒரு பகுதியினர் இன்றைக்கும் சந்தியில் எதிரே வரும் வாகனங்களைக் குறுக்கறுத்து இடப்பக்கம் திரும்புமுன் மூச்சை அடக்கிக்கொள்கிறார்கள். காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது. அவர்கள் எல்லோரும் ஜனார்த்தன் மாஸ்ரரிடம் கார் பழகியவர்கள்.

மாஸ்ரர் ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. கத்துகிற ஆளென்றால் திருப்பிக் கத்தலாம். வீட்டுக்குப் போய்த் திட்டியாவது ஆறலாம். மாஸ்ரரோ நோயின் பெயரைச் சொல்லும் வைத்தியரைப்போல மெதுவாகத்தான் பேசுவார். ஒருமுறை பேர்ணடெற் என்ற பிள்ளை மோர்னிங்சைட் பிளாசாவுக்கு முன்னால் ஒரே பிழையைத் திரும்பவும் விட்டு அழத் தொடங்கினாள். அன்று நல்ல வெயில். மாஸ்ரர் எட்டி வைப்பரைப் போட்டுவிட்டார். காய்ந்த கண்ணாடியில் அது கிரீச்சிட்டுக்கொண்டு போய்ப் போய் வந்தது.

"வெளியில மழை இல்லை, தங்கச்சி," என்றார். "அப்ப பிழை உள்ளுக்கைதான்."

முன் இருக்கைகள் இரண்டுக்கும் நடுவில் அவர் கண்ணீர் துடைக்க ஒரு ரிஷ்யூப் பெட்டி வைத்திருந்தார். அழ வைத்துவிட்டு ரிஷ்யூவும் கொடுக்கிற பயிற்சியாளர் அந்த வட்டாரத்தில் தான் ஒருவர்தான் என்பதில் அவருக்குப் பெருமை. மற்றவர்கள் வெறுமனே அழ வைப்பவர்கள்.

அவருடைய கற்பிக்கும் முறையும் தனி. வீதியைப் பார்க்கவே மாட்டார். ஸ்ரியரிங் இடப்பக்கம் இருக்கும் அந்த நாட்டுக் காரில் வலப்பக்கத்து ஆசனத்தில் இருந்து, காலடியில் தனக்கென்று பூட்டிய இரண்டாவது பிரேக்கில் பாதத்தை வைத்து, முகத்தை இடப்பக்கம் திருப்பி, ஓட்டுகிறவளின் கண்களையே பார்த்துக்கொண்டிருப்பார். "வீதியைப் பாக்கிறது உங்கட வேலை. உங்களைப் பாக்கிறது என்ர வேலை," என்று முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுவார். வீதியில் வரப்போவது எதுவானாலும் முதலில் அந்தக் கண்களில் வரும் என்பது அவர் கண்ட உண்மை. கண் தடுமாறுவதற்குள் அவர் கால் பிரேக்கை அமத்திவிடும்; கார் குலுங்கி நிற்கும். அதனால் அவருடைய காரில் ஒரு விபத்தும் நடந்ததில்லை. அந்த இடத்தில் தான் உண்மையாகவே பிழை விட்டிருப்பேனா என்பது அவருடைய மாணவி ஒருத்திக்கும் கடைசிவரை தெரிந்ததும் இல்லை. பரீட்சையில் பலர் தேறினார்கள். தேறிய பிறகு அரைவாசிப் பேர் நெடுஞ்சாலைப் பக்கமே போகவில்லை. இதைவிடப் பெரிய பாதுகாப்பு உண்டா என்று மாஸ்ரர் கேட்பார்.

மனைவி யோகமலருக்கு அவர் கொடுத்தவை மூன்று வகுப்புகள். மூன்றாவதின்போது, தங்கள் முறைக்குக் காத்திருந்த இரண்டு மாணவிகள் பின் இருக்கையில் இருந்தார்கள். சிவப்பு விளக்குப் பச்சையானது. யோகமலர் காலை எடுத்தாள், பிறகு எதையோ நினைத்து மறுபடி நிறுத்தினாள். பின்னால் ஹோர்ன் அடித்தது. காரை ஓரங்கட்டச் சொன்ன மாஸ்ரர், அவளுடைய கண்ணைப் பார்த்தபடியே, பின்னால் இருப்பவர்களுக்கும் கேட்கிற அளவில், "மலர், நீர் பஸ்ஸில போற ஆள். அதில ஒரு வெக்கமும் இல்லை," என்றார். அவள் இறங்கிப் பின்னால் போய் உட்கார்ந்தாள். பின்னால் இருந்த ஒருத்தி முன்னுக்கு வந்தாள்.

அதன் பிறகு மீன் பொதிசெய்யும் தொழிற்சாலைக்கு யோகமலர் பனியிலும் மழையிலும் பஸ்ஸில் போய் வந்தாள். கார் ஓட்டுவது பற்றி வீட்டில் ஒரு சொல் எடுத்ததில்லை. தன் தீர்ப்பை அவள் ஏற்றுக்கொண்டுவிட்டாள் என்று மாஸ்ரர் வைத்துக்கொண்டார். எதிரில் இருப்பவர் பேசாமல் இருந்தால் ஒத்துக்கொண்டார் என்று எடுத்துக்கொள்வது கணவன்மாருக்கும் பயிற்சியாளர்களுக்கும் உள்ள வசதி. அவர் இரண்டுமாக இருந்தார்.

முதுகு நோ வந்து தொழிலை விட்டதும், ரூஜில் இருந்த வீட்டை விற்று, இருவரும் விட்பியில் மகள் பிரதீபாவின் புது வீட்டில், நிலத்துக்குக் கீழே இருந்த பேஸ்மன்ருக்குக் குடிவந்தார்கள். பிரதீபாவின் கணவன் பிரவீண் கோயம்புத்தூர்க்காரன். மற்றவர்கள் எழுதிய மென்பொருளில் எங்கே பிழை என்று தேடுவது அவன் உத்தியோகம். ஆனால் பிழை விட்டவர்களிடம் அதைச் சொல்வதற்கு மட்டும் கூச்சப்படுவான். கணவனும் மனைவியும் காலையில் ரயில் பிடித்து நகரத்துக்குள் வேலைக்குப் போகிறவர்கள். அவர்களை ஸ்ரேசனில் இறக்குவதும், பேத்தி ஷிவானியைப் பள்ளிக்கூடத்திலும் நீச்சலிலும் விட்டு ஏற்றுவதும் மாஸ்ரரின் பொறுப்பாயிற்று.

வீட்டார்தான் அதைப் பொறுப்பு என்றார்கள். மாஸ்ரருக்கு அது ஆட்சி. அந்தப் புதுக் குடியிருப்பில் ஒரு பால் பெட்டி வாங்கவும் கார் வேண்டும். காரைக் கிளப்பும் திறப்பை வைத்திருப்பவர் பேஸ்மன்ரில் படுத்தாலும் வீட்டுக்கு அவர்தான் ராசா. காலையில் எல்லோரும் சப்பாத்துப் போட்டு வாசலில் நிற்பார்கள். அவர் படியேறி வர ஒரு சொட்டு நேரம் பிந்தும். பிந்துவதற்குக் காரணம் ஒன்றும் இருப்பதில்லை. யோகமலர் கோயிலுக்குப் போகவேண்டுமென்றால் நாட்கணக்கில் முன்கூட்டிச் சொல்லவேண்டும். சொன்னாலும் "பாப்பம்" என்பதுதான் பதில்.

அப்படி இருக்கும்போது பிரவீண் பழைய காரைக் கொடுத்து ஒரு மின்சாரக் காரை வாங்கினான்.

அது தானாகக் கோட்டுக்குள் நிற்கும். முன்னால் போகிற வாகனத்தைப் பார்த்து வேகத்தைக் கூட்டிக் குறைக்கும். தேவை வந்தால் பிரேக்கும் போடும். இதையெல்லாம் நம்பி ஓட்டுநர் கண்ணயர்ந்துவிடக்கூடாது என்பதற்காக, ஸ்ரியரிங்குக்குப் பின்னால் ஒரு சின்னக் கமரா அவருடைய கண்களையே பார்த்துக்கொண்டிருக்கும். கண் வீதியைவிட்டு விலகினால் ஒரு மணிச் சத்தம். மறுபடி விலகினால் பெரிய சத்தமும் சிவப்பு எழுத்தும். அதற்கும் திருந்தாவிட்டால் உதவி வசதிகள் அத்தனையையும் பூட்டிவிட்டு, சொந்தக்காரரின் ஃபோனுக்குச் செய்தி அனுப்பிவிடும்.

அதாவது, இத்தனை காலமாக மாஸ்ரர் மனிதர்களுக்குச் செய்துவந்ததை ஒரு இயந்திரம் மாஸ்ரருக்குச் செய்யத் தொடங்கியது. ரிஷ்யூ மட்டும் கொடுக்கவில்லை.

செய்திகள் பிரவீணுக்கு வந்துகொண்டே இருந்தன. அவன் மாமனாரிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருந்தான். ஒருநாள் அவன் குளிக்கும்போது வந்த செய்தியைப் பிரதீபா பார்த்துவிட்டாள். அவள் கூச்சப்படுகிற ரகமல்ல. அவளுக்கும் கார் பழக்கியவர் மாஸ்ரர்தான். வகுப்புள்ள காலைகளில் சாப்பிட்டதை வாந்தியெடுத்துவிட்டுப் போன பிள்ளை அவள். அந்தச் சனிக்கிழமை மத்தியானச் சாப்பாட்டில், புட்டுக்கும் மீன்குழம்புக்கும் நடுவில் ஃபோனை வைத்தாள்.

"ஷிவானி பின்னுக்கு இருக்கேக்க உங்கட கண் றோட்டில இல்லையெண்டு கார் சொல்லுது, அப்பா. எனக்கு அந்தச் சாட்சி காணும்."

மாஸ்ரர் குழம்பை ஊற்றிப் பிசைந்துகொண்டே, காருக்குத்தான் கண் தெரியவில்லை என்றார். தான் பழக்கிய ஆட்களின் பெயரைச் சொல்லத் தொடங்கினால் புட்டு ஆறிவிடும் என்றார். பிறகு, யாரும் கேளாமலேயே, பந்தயம் ஒன்றைத் தானே வைத்தார்.

"செக் பண்ணுங்கோ. பிழை காரிலயெண்டா இனி இந்த வீட்டில ஒருத்தரும் என்ர ஓட்டத்தைப் பற்றிக் கதைக்கப்படாது. பிழை என்னிலயெண்டா திறப்பை இந்த மேசையில வைப்பன். பிறகு தொடமாட்டன்."

பிரதீபா ஷிவானிக்கு மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தாள். "சரி," என்றாள், நிமிராமலே. திறப்பு மேசைக்கு வந்தால் தகப்பனுக்கு மிஞ்சுவது ஒரு ஜன்னலில்லாத அறையும் ஒரு ரிவியும் என்பது அவளுக்குத் தெரியும். மாஸ்ரருக்கும் தெரியும். அவருக்கு இருந்த ஒரே தைரியம், வாழ்க்கையில் இதுவரை எந்தப் பிழையும் அவருடையதாக இருந்ததில்லை என்பதுதான்.

பரிசோதனையைப் பிரவீண் தன் உத்தியோக முறையிலேயே செய்தான். "ஒரு நேரத்துல ஒண்ணுதான் மாத்தணும் மாமா. ரெண்டு மாத்துனா எது காரணம்னு தெரியாதுங்க," என்று பணிவாகச் சொல்லிவிட்டு முதலில் கமராவின் கண்ணைத் துடைத்தான். மாஸ்ரரும் கூடவே இறங்கி, வெளியில் பனிச்சேறும் உப்பும் பிடித்திருந்த முன் கமராவைத் தன் பழைய பெனியனால் துடைத்து, "பாத்தீரோ ஊத்தையை?" என்று வெற்றியோடு காட்டினார். அது கோட்டைப் பார்க்கிற கமரா. கண்ணைப் பார்ப்பது வேறு என்று பிரவீண் விளக்கினான். அடுத்த நாள் காலை டோன்ரன் வீதியில் கார் மணியடித்தது.

மாஸ்ரரின் கம்பளித் தொப்பி கழன்றது. மணியடித்தது. வெயில் எதிரில் விழுவதாக அவர் சொன்னதால் அதே வீதியில் மறுபக்கமாக ஓடிப் பார்த்தார்கள். மணியடித்தது. கமராவில் ஒட்டியிருந்த தொழிற்சாலைப் பிளாஸ்ரிக்கை உரித்தார்கள். புதுப் பொருளில் பிளாஸ்ரிக்கை உரிப்பது மாஸ்ரருக்குப் பிடிக்காது. இரண்டு முறை மனம் வருந்தினார், ஒன்று பிளாஸ்ரிக்குக்காக, மற்றது அதற்குப் பிறகும் மணியடித்ததற்காக. மென்பொருளைப் புதுப்பித்தார்கள். விற்ற இடத்தின் சேர்விஸ் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே கணினியை இணைத்துப் பார்த்து, கமராவைப் புதிதாக அளவு பிடித்து, காரில் ஒரு குறையும் இல்லை என்று திருப்பிக் கொடுத்தார்கள். குறையில்லாத கார் வீடு வந்து சேருமுன்னே மணியடித்துவிட்டது.

அதே வீதியில் பிரவீண் ஓடினான்; கார் வாயே திறக்கவில்லை. பிரதீபா ஓடினாள், ஒருமுறை ஷிவானியைத் திட்டத் திரும்பியபோது மட்டும் மெல்ல மணியடித்தது. அது உங்களோடு பழகின கார் என்றார் மாஸ்ரர். நாய்களைப் பற்றியும் மாமியார்களைப் பற்றியும் சொல்லத்தக்க ஒரு விளக்கத்தை அவர் காருக்குச் சொன்னதை யாரும் மறுக்கவில்லை.

அதன் பிறகுதான் பிரவீண் வலப்பக்கத்து ஆசனத்தில் இருந்து, மாஸ்ரர் ஓட்டும்போது அவருடைய முகத்தைத் தன் ஃபோனில் பதிந்தான். பதிவதை அவருக்குச் சொல்லிவிட்டுத்தான் செய்தான். மாஸ்ரர் அதற்காகத் தலை வாரிக்கொண்டு வந்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அதை வீட்டு ரிவியில் போட்டார்கள். போடவேண்டாம், தான் பார்த்துச் சொல்கிறேன் என்று பிரவீண் எவ்வளவோ சொன்னான். பிரதீபா ரிமோட்டை வாங்கித் தானே அழுத்தினாள். பெரிய திரையில் மாஸ்ரரின் முகம் வந்தது. முதலில் வீதியைப் பார்த்தது. பிறகு மெல்ல இடப்பக்கம் திரும்பியது. இடப்பக்கத்தில் கண்ணாடியும் அதற்கு அப்பால் பனியும்தான். முகம் அங்கேயே நின்றது, யாரோ ஒருத்தி அங்கே இருந்து ஓட்டுவதுபோல. மணியடித்தது. முகம் வீதிக்கு வந்தது, எரிச்சலோடு. கொஞ்சத் தூரம் போனதும் மறுபடி இடப்பக்கம் திரும்பியது.

இருபது வருடத்துக்கு மேலாக அந்தப் பக்கத்தில்தான் ஒரு ஆள் பிழை விட்டுக்கொண்டிருந்தது. அந்த ஆள் இப்போது அங்கே இல்லை என்பதை மாஸ்ரரின் கழுத்துக்கு ஒருவரும் அறிவிக்கவில்லை.

பிரதீபா சத்தத்தைக் கூட்டினாள். திரையில் இருந்த வாய் அசைந்துகொண்டிருந்தது. மிருதுவான குரல், எல்லோருக்கும் தெரிந்த குரல், ஜன்னல் கண்ணாடியைப் பார்த்துச் சொன்னது: "பயப்பிடுறீர், தங்கச்சி. கண்ணில தெரியுது."

"அம்மப்பா, ஹூ ஆர் யூ ரோக்கிங் ரு?" என்று, அவர் யாரோடு கதைக்கிறார் என்பது விளங்காமல், ஷிவானி கேட்டாள்.

பிரதீபாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள். முடியவில்லை. சோபாவில் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்கி, திரும்ப ஓடவிட்டு அந்த இடத்தில் மறுபடி சிரித்தாள். பிள்ளையும் தாய் சிரிப்பதைப் பார்த்துச் சிரித்தது. தாயின் கண்ணில் தண்ணீர் வழிந்ததும் பிள்ளை நிறுத்திவிட்டது. யோகமலர் உள்ளே போய் ரிஷ்யூப் பெட்டியைக் கொண்டுவந்தாள். மகளுக்கு ஒன்றை உருவிக் கொடுத்தாள். பிறகு பெட்டியை மாஸ்ரருக்கு முன்னால் மேசையில் வைத்துவிட்டு, துணி மடிக்கப் போய்விட்டாள். மாஸ்ரர் அழவில்லை. அழுதிருந்தால் பெட்டி அவ்வளவு பெரிதாகத் தெரிந்திருக்காது.

அப்போதும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. நல்ல ஓட்டுநர் சுற்றிவரப் பார்ப்பான், மாடுதான் நேரே பார்த்து நடக்கும் என்றார். அந்தக் கமராவைச் செய்தவர்கள் வெள்ளைக்காரரின் உயரத்துக்குச் செய்திருக்கிறார்கள் என்றார். தான் உயரம் குறைவு, சீற்றில் குஷன் போட்டு இருக்கிறவர், கண்ணாடியும் இரட்டைப் பார்வைக் கண்ணாடி. அதற்குள்ளால் கண் எந்தப் பக்கம் பார்க்கிறதென்று அந்தப் பெட்டிக்கு எப்படித் தெரியும்? பிரவீணும் பிரதீபாவும் உயரமான ஆட்கள், கண்ணாடி போடாதவர்கள். அவர்களை வைத்துத் தன்னை அளக்கலாமோ?

பிரவீணுக்கு உத்தியோக நியாயம் என்று ஒன்று இருந்தது. அவன் யோசித்துவிட்டு, மாமா சொல்வது சரியான வாதம் என்றான். அதே உயரத்தில், அதே மாதிரிக் கண்ணாடியோடு, கிட்டத்தட்ட அதே வயதில் வேறொரு ஓட்டுநர் கிடைத்தால் சந்தேகமில்லாமல் முடித்துவிடலாம். அந்த ஆளுக்கும் மணியடித்தால் பிழை காரில்தான். மாஸ்ரருக்கு முகம் மலர்ந்தது. அப்படி ஒரு ஆளை விட்பியில் எங்கே தேடுவது? தேடி முடியுமட்டும் திறப்பு அவர் இடுப்பில்தான் இருக்கும்.

"நான் ஓடிப் பாக்கட்டோ, தம்பி?" என்றாள் யோகமலர்.

கையில் ஒரு துவாய் பாதி மடித்தபடி நின்றாள். அவளும் மாஸ்ரரும் ஒரே உயரம். அதை அவர் கலியாணப் படத்தில்கூட ஒத்துக்கொண்டதில்லை. கண்ணாடிகளையும் ஒன்றுக்கு ஒன்று இலவசம் என்று ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கியிருந்தார்கள். பரிசோதனைக்கு இதைவிடப் பொருத்தமான ஆளை எந்த ஆய்வுகூடமும் தயாரித்திருக்காது.

"அத்தை, லைசென்ஸ் வேணுமே..." என்று பிரவீண் இழுத்தான்.

"இருக்கு."

அவள் துவாயின் மற்றப் பாதியையும் மடித்தாள். பேர்ணடெற்றிடம் படித்ததாக யோகமலர் சொன்னாள். வைப்பர் போட்டு அழ வைக்கப்பட்ட அதே பேர்ணடெற். பிறகு வேறெங்கோ படித்துத் தேறி, மீன் தொழிற்சாலையில் யோகமலரோடு ஒரே வரிசையில் நின்றவள், இப்போது பெண்களுக்கு மட்டும் கார் பழக்குகிறாள். ஸ்காபரோவில் மாஸ்ரரைத் தெரியாத பரீட்சகர் இல்லை என்பதால் தூரத்து ஊரொன்றுக்குப் போய் ரெஸ்ற் எடுத்தார்களாம். யோகமலர் முதல் தடவையிலேயே தேறிவிட்டாளாம். அதன் பிறகு பேர்ணடெற்றின் காரில், வேலைக்குப் போகும்போது பேர்ணடெற் நித்திரை கொள்ள, யோகமலர்தான் ஓட்டுவாளாம்.

"எந்த றோட்டால?" என்று கேட்டார் மாஸ்ரர். அவருக்கு அதுதான் கேட்கத் தோன்றியது.

"நாலு-சைபர்-ஒண்டால." அவருடைய மாணவிகளில் அரைவாசிப் பேர் போகாத நெடுஞ்சாலையின் இலக்கம் அது.

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"நீங்கள் கேக்கேல்லையே," என்றாள். குரல் மெதுவாக, மருந்து எழுதிக் கொடுப்பதுபோல இருந்தது. அந்தக் குரலை அவள் எங்கே படித்தாள் என்பதை அந்த வீட்டில் ஒருவரும் கேட்கவேண்டியிருக்கவில்லை.

அதே குஷன், அதே வீதி, அதே நேரம். பிரவீண் நியாயத்துக்காக அதே வலப்பக்கத்து ஆசனத்தில் ஃபோனோடு இருந்தான். மாஸ்ரர் பின்னால் ஏறினார். பின்னால் இருந்தால் ஓட்டுகிறவளின் கண் தெரியாது; நடுக் கண்ணாடியில் மட்டும் ஒரு துண்டு தெரியும். அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டு வந்தார். அவருக்கு வேண்டியது ஒன்றுதான்: அந்தக் கண் ஒருமுறை கண்ணாடியில் ஏறித் தன்னைப் பார்த்து, அங்கேயே நின்றுவிட வேண்டும். மணியடித்துவிடும்.

டோன்ரன் வீதிக்கு ஏறினார்கள். பனிச்சேறு தெறித்தது. கார் பேசாமல் வந்தது.

"நடுங்குறீர், மலர்," என்றார் மாஸ்ரர் பின்னாலிருந்து. கண் அசையவில்லை. சிவப்பு விளக்கு ஒன்று வந்தது, அவள் நின்றாள், பச்சையானது, போனாள். பின்னால் ஹோர்ன் அடிக்க ஒருவருக்கும் தேவை வரவில்லை. ஒரு லொறி பக்கத்தில் வந்து கண்ணாடி முழுக்கச் சேற்றை அடித்தது. வைப்பர் தானாகவே போட்டுக்கொண்டது. கார் பேசாமல் வந்தது.

திரும்பி வரும் பாதி வழியும் போய்விட்டது. மாஸ்ரர் முன்னுக்குச் சாய்ந்தார். அவளைத் திரும்ப வைக்கக்கூடிய ஒன்று அவரிடம் இருந்தது. வேறு யாருக்கும் அது எங்கே குத்தும் என்று தெரியாது. யோகமலரின் தாய் ஸ்காபரோவில் ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி நாளில், வரச்சொல்லி ஃபோன் வந்தபோது, மாஸ்ரர் ஒரு மாணவியின் ரெஸ்றுக்கு என்று போயிருந்தார், ஃபோனை எடுக்கவில்லை. யோகமலர் இரண்டு பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தபோது கட்டிலில் விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

"உம்மட அம்மா சாகேக்க நீர் பஸ்ஸிலதானே போனனீர், மலர்," என்றார், மிகவும் மிருதுவாக. "அண்டைக்கு இந்த லைசென்ஸ் எங்க கிடந்தது?"

பிரவீண் ஃபோனை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டான். அதுவரை எதையும் இடையில் நிறுத்தாத பையன்.

கண்ணாடித் துண்டில் தெரிந்த கண் சிமிட்டியது. ஒருமுறை. அப்புறம் வீதியிலேயே நின்றது.

"அதுக்குப் பிறகுதான் எடுத்தனான்," என்றாள் யோகமலர்.

கார் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டு வாசல்வரை ஒன்றும் சொல்லவில்லை.

மாஸ்ரர் வார்த்தை மாறாதவர் என்று பெயரெடுத்தவர். திறப்பை மேசையில் வைக்கவேண்டிய அவசியம் மட்டும் வரவில்லை. யோகமலர் ஓடுவதற்காக அதை ஏற்கெனவே அவரிடம் வாங்கியிருந்தாள். இறங்கியதும் தன் கைப்பைக்குள் போட்டு சிப்பை இழுத்து மூடினாள். பிரதீபா வாசலில் நின்று கேட்டபோது, கார் சரியாகத்தான் இருக்கிறது என்று பிரவீண் சொன்னான். காரைப் பற்றி மட்டும்தான் சொன்னான்.

இப்போது காலையில் வாசலில் எல்லோரும் சப்பாத்துப் போட்டுக்கொண்டு நிற்பதில்லை. யோகமலர்தான் முதலில் வந்து நிற்கிறாள், மற்றவர்கள் ஓடிவருகிறார்கள். பின்னேரங்களில் அவள் கோயிலுக்குப் போகிறாள். பேர்ணடெற் வீட்டுக்கும் போகிறாள். ஜன்னலில்லாத அறையில் ரிவி ஓடிக்கொண்டிருக்கிறது. சமையல் நிகழ்ச்சியில் கத்தி பிடிக்கிறவளின் கண்ணைப் பார்த்து மாஸ்ரர் மெதுவாக ஏதோ சொல்வது சில நேரம் மேலே கேட்கும். இந்த வயதில் அவருடைய லைசென்ஸை ஒருவரும் பறிக்கவில்லை. அது பத்திரமாக இருக்கிறது, யோகமலருடையது இத்தனை காலம் இருந்ததுபோல.

தலைமயிர் வெட்ட ஸ்காபரோவுக்குப் போகவேண்டும் என்று அவர் ஒரு திங்கட்கிழமை கேட்டார். விட்பி சலூன்காரருக்குத் தன் தலை விளங்காது என்றார்.

"பாப்பம்," என்றாள் யோகமலர்.

வெள்ளிக்கிழமை கூட்டிக்கொண்டு போனாள். இந்தமுறை அவர் முன்னால், வலப்பக்கத்து ஆசனத்தில் இருந்தார். தொழில் செய்த இடம். இருந்ததும் கழுத்து தானாகவே இடப்பக்கம் திரும்பிக்கொண்டது. அங்கே, இத்தனை நாளுக்குப் பிறகு, ஒரு ஆள் இருந்தது. வலப்பக்கத்து ஆளின் கண் எங்கே பார்க்கிறதென்று அந்தக் காருக்கு அக்கறையில்லை, மணி அடிக்கவில்லை. அவர் அவளுடைய கண்ணைத் திருப்தியாகப் பார்த்துக்கொண்டு வந்தார். பயத்தைத் தேடினார். நெடுஞ்சாலையில் ஒரு வான் வண்டி சட்டென்று முன்னால் வெட்டிக்கொண்டு வந்தது. அவள் கண்ணில் ஒன்றும் வரவில்லை. வான் வந்ததே அவருக்கு அதனால்தான் பிந்தித் தெரிந்தது. தெரிந்ததும் அவருடைய வலது கால், பழைய காரில் இரண்டாவது பிரேக் இருந்த இடத்தில், முழுப் பலத்தோடு அமத்தியது. பனிக்காலத்து ரப்பர் விரிப்பில் தேங்கியிருந்த சேற்றுத் தண்ணீர் சளக்கென்றது.

கார் அதற்கு முன்னரே மெதுவாகிவிட்டிருந்தது. யோகமலர் பிரேக்கை அமத்தியிருந்தாள்.

"அங்க ஒண்டும் இல்லையப்பா," என்றாள், வீதியைப் பார்த்தபடி.